ஒரு விளக்கு போதும்! வீட்டிலேயே எடுக்கலாம் நட்சத்திரப் படம்

சினிமா நட்சத்திரத்தின் படத்தைப் பார்த்து, "ஆகா, என்ன அழகு!" என்று வியக்காதவர் உண்டா? அந்த அழகில் பாதி முகத்தில் இருக்கிறது. மறு பாதி விளக்கில் இருக்கிறது!

தியாகராய நகர் பாண்டி பஜாரில் சொந்தத் தியேட்டர் கட்டியவர் நடிகை டி.ஆர்.ராஜகுமாரி. 1948-ல் வந்த அவருடைய "சந்திரலேகா" கறுப்பு வெள்ளைப் படம்தான். வண்ணம் இல்லாமலே அவர் முகம் ஜொலித்தது. துணை நின்றவை ஒளியும் நிழலும்.

அந்த வித்தை தெரிந்தால், மயிலாப்பூர் சந்து வீட்டுக் கூடமும் ஸ்டூடியோ ஆகிவிடும்.

கணவரின் சந்தேகம்

1929-ம் ஆண்டு. ஹாலிவுட்டில் நார்மா ஷீரர் என்ற புகழ்பெற்ற நடிகை இருந்தார். அவருடைய கணவர் இர்விங் தால்பெர்க், எம்.ஜி.எம். படக் கம்பெனியின் தயாரிப்புத் தலைவர்.

"தி டைவர்சி" என்ற படத்தில் கவர்ச்சியான கதாநாயகி வேடம். அதில் நடிக்க நார்மா ஆசைப்பட்டார். "குடும்பப் பெண் போன்ற இவருக்கு அது பொருந்துமா?" என்று கணவருக்குச் சந்தேகம்.

நார்மா என்ன செய்தார்? சிறிய ஸ்டூடியோ நடத்திவந்த ஜார்ஜ் ஹரல் என்ற 25 வயது இளைஞரைத் தேடிப் போனார். கூந்தலைத் தளர விட்டார். பட்டு அங்கி அணிந்தார். ஹரல் படம் பிடித்தார்.

படங்களைப் பார்த்தார், கணவர். மனம் மாறினார்! வேடம் நார்மாவுக்கே கிடைத்தது. 1930-ல் படம் வெளிவந்தது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசும் அவரைத் தேடி வந்தது. ஹரலுக்கு எம்.ஜி.எம்.மில் வேலை கிடைத்தது.

விளக்கை எங்கே வைப்பது?

முகத்துக்கு நேர் எதிரே, தலைக்குச் சற்று மேலே ஒரு விளக்கை வையுங்கள். மூக்கின் கீழே பட்டாம்பூச்சி போல் சிறு நிழல் விழும். கன்னம் எடுப்பாகத் தெரியும். மோவாயின் கீழ் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் கழுத்து நிழல் குறையும்.

மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். பின்னால் கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். செல்போனை முகத்தருகே நீட்டாதீர்கள். மூக்கு பெரிதாகத் தெரியும். ஐந்து அடி தள்ளி நில்லுங்கள்.

நம் ஊர் வெயில்

"வடக்கு ஜன்னல் ஒளியே சிறந்தது" என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அங்கே சூரியன் உச்சிவேளையில் எப்போதும் தெற்கே இருக்கும். சென்னையில் அப்படி அல்ல! ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு பாதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழும். கவலை வேண்டாம். ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டுங்கள். சுள்ளென்ற வெயில் பால் போன்ற ஒளியாக மாறிவிடும்.

கறுப்பும் அழகே

கறுத்த நிறத்தவர் பவுடரை அப்பிக்கொள்ள வேண்டியதில்லை. கறுத்த மேனியில் ஒளி பட்டால் வெண்கலச் சிலை போல மினுங்கும். ஹரலும் கனத்த மேக்கப்பை விரும்பியவர் அல்ல. செல்போனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்தால் போதும். முகத்தை வெளுப்பாக்கும் வேலை வேண்டாம். வரன் பார்க்க அனுப்பும் படமானால் இன்னும் கவனம் தேவை. படத்தில் ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்றால் சங்கடப்படுவது அந்தப் பெண்தானே?

படம் எடுக்கும்போது பாட்டுப் போடுங்கள். ஹரலும் இசைத்தட்டை ஓடவிட்டு, வேடிக்கை காட்டி, நடிகைகளின் கூச்சத்தைப் போக்குவார்.

கடைசியாக ஒன்று. எடுத்த படங்களை எல்லாம் அவரிடமே முதலில் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றதை அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். அவர் சம்மதித்த படத்தை மட்டும் மற்றவருக்கு அனுப்புங்கள். அந்த நம்பிக்கை இருந்தால், அடுத்த முறை அவர் முகத்தில் சிரிப்பு தானாக மலரும்!