அழுத்தாதே, காரணம் தேடு!

அறிவியல் பாடத்துடன் எங்கள் பள்ளியின் தேசிய மாணவர் படைப் பொறுப்பையும் நான் பார்த்து வருகிறேன். ஆண்டுப் பயிற்சி முகாமில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் .22 ரைபிளால் 25 கெஜத் தொலைவில் சுட்டுப் பழகுவார்கள். அங்கே அடிக்கடி காதில் விழும் குரல், "சார், போல்ட் மூட மாட்டேங்குது." அந்த நேரத்தில் "நல்லா அழுத்துப்பா" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

போல்ட் நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் போன்றதுதான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். தள்ளும்போது அது தோட்டாவைச் சேம்பருக்குள் கொண்டு சேர்க்கிறது.

ஏன் அழுத்தக் கூடாது?

.22 தோட்டாவின் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று உண்டு. பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. ட்ரிகரை இழுத்ததும் ஊசி விளிம்பை நசுக்குகிறது; தோட்டா வெடிக்கிறது. அடைத்துக்கொண்ட போல்ட்டை ஓங்கித் தள்ளினாலும் நசுங்குவது அதே விளிம்புதான். போல்ட் பூட்டாத நிலையில் தோட்டா வெடித்தால், வாயுவும் உலோகத் துணுக்கும் சுடுபவரின் முகத்துக்கு வரலாம்.

எது பழுது, எது இயல்பு?

லீ-என்ஃபீல்டு வகை ரைபிள்களில் போல்ட்டை முன்னால் தள்ளும் கடைசிப் பகுதியில்தான் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சுருங்குகிறது. அதனால் அங்கே சற்று இறுக்கம் தெரிவது இயல்பு. மௌசர் வகையில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங் சுருங்கிவிடும். அந்த இறுக்கம் திறக்கும்போது தெரியும். இயல்பான இறுக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருக்கும். திடீரென்று வருவதும், வேறு இடத்தில் தட்டுவதும் பழுதின் அறிகுறி.

படிப்படியாகத் தேடுதல்

சுடுதளத்தில் இந்தச் சோதனையை இராணுவப் பயிற்றுநர்களே செய்வார்கள். நாமோ பிள்ளைகளோ கை வைப்பதில்லை. அவர்கள் தேடும் வரிசை இது:

1. ரைபிளை முற்றிலும் காலி செய்து போல்ட்டை மூடிப் பார்ப்பார்கள். காலியாக இருக்கும்போதும் இறுகினால் குறை போல்ட்டில் இருக்கிறது. மண், கெட்டியான பழைய எண்ணெய், அல்லது வேறு ரைபிளின் போல்ட் மாறி வந்திருப்பது காரணமாகலாம். போல்ட்டிலும் ரைபிளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

2. காலியாக எளிதில் மூடி, தோட்டாவுடன் மட்டும் இறுகினால், அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் போடுவார்கள். அது சரியாகப் போனால் முதல் தோட்டாவில்தான் குறை: விளிம்பு வளைந்திருக்கலாம், குண்டு சாய்ந்திருக்கலாம்.

3. எல்லாத் தோட்டாவும் இறுகினால் சேம்பரைப் பார்ப்பார்கள். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகும் ஈயத் துகளும் கரியும் அங்கே படிந்திருக்கும். சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் அந்த ரைபிள் ஆயுதப் பழுதுநீக்குநரிடம் போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே இதன் அடிப்படை. வகுப்பறையிலும் நாம் செய்ய வேண்டியது இதுதான். 52-இல் 27-ஐக் கழிக்கத் தடுமாறும் குழந்தைக்கு முதலில் 57-இல் 22-ஐக் கழிக்கக் கொடுத்துப் பார்க்கிறோம். அதைச் சரியாகச் செய்தால், கழித்தல் தெரிகிறது, கடன் வாங்குவதில்தான் சிக்கல் என்று புரிகிறது. "இன்னும் பத்துக் கணக்குப் போடு" என்பது போல்ட்டை அழுத்துவதற்குச் சமம்.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது

போல்ட் மூடாதபோது பல பிள்ளைகள் தம் கையில் வலு இல்லை என்றே நினைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சத்தில் வாய் திறக்காமல் மேலும் அழுத்துகிறார்கள். ஆபத்து தொடங்குவது இங்கேதான். எனவே சுடுதளத்துக்குப் புறப்படும் முன் பள்ளியிலேயே நான் இவற்றைச் சொல்லிவிடுகிறேன்:

"போல்ட் மூடவில்லை என்றால் அது உன் குறை அல்ல. அப்படியே நிறுத்து. விரல் ட்ரிகரில் இருக்கக் கூடாது. ரைபிள் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். இடது கையை உயர்த்து. பயிற்றுநர் வரும்வரை எழுந்திருக்காதே, திரும்பிப் பார்க்காதே."

சொல்வதோடு நிறுத்தாமல், மைதானத்தில் வெறுங்கையோடு படுக்க வைத்து இதை இரண்டு மூன்று முறை செய்து பழக்குகிறேன். கையை உயர்த்திய பிள்ளையை எல்லோர் முன்னாலும் பாராட்டுவதும் அவசியம். அதைப் பார்க்கும் அடுத்த பிள்ளையும் தயங்காமல் கையை உயர்த்தும்.