சூரியன் மறையுதா? ஏரிக்குப் போங்க!

சன்செட் எடுக்க கேமராவோட பீச்சுக்குக் கிளம்பிட்டீங்களா பாஸ்? நம்ம கடல் கிழக்கே இருக்கு. அங்கே தண்ணிக்கு மேல சூரியன் உதிக்கும், மறையாது! தாம்பரம் பக்கத்து மக்களுக்கு ஏரிதான் கைகொடுக்கும். பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், செம்பாக்கம்... எதுவானாலும் கிழக்குக் கரையில் நின்னு மேற்கே பாருங்க. செல்போனே போதும். திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைச்சா, கலர் வெளுக்காது. சூரியன் மறைஞ்சதும் கிளம்பிடாதீங்க. அடுத்த 20 நிமிஷம்தான் செம கலர்! 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் விடாதீங்க. மாசம் ஒருமுறை அதே இடத்தில் நின்னு எடுங்க. ஆகாயத்தாமரை பரவினாலோ, குப்பை ஏறினாலோ உங்க படமே சாட்சி சொல்லும். தண்ணி இருந்தாதானே படத்துல ரெண்டு சூரியன்!