ஆறு வினாடி முட்டை

கேக் போட்டியை மேடையில் பாட்டும் சிரிப்புமாக ஆட முடியுமா? லண்டனில் ஆடிவிட்டார்கள். 2010 ஆகஸ்ட் 17 அன்று பிபிசியில் தொடங்கிய ‘கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ நிகழ்ச்சியை வைத்து, ஜேக் பிரங்கரும் பிப்பா கிளியரியும் இசை நாடகம் எழுதினார்கள். 2022 ஜூலையில் செல்ட்டன்ஹாமில் அரங்கேற்றம். 2023 பிப்ரவரி 25 முதல் மே 13 வரை லண்டன் நோயல் கவர்ட் அரங்கில் ஓடியது. கதையில் வீட்டுச் சமையல்காரர்கள் 8 பேர்.

நாமக்கல்காரனுக்கு இதைக் கேட்டதும் முட்டைக் கணக்குத்தான் ஓடும். 8 பேரும் மைதா, சர்க்கரை, வெண்ணெய் ஒவ்வொன்றும் அரை பவுண்டு போட்டுக் காட்சிக்கு ஆளுக்கொரு கேக் நிஜமாகவே சுட்டால் தலைக்கு 4 முட்டை, மொத்தம் 32. ஒரு அட்டையும் மேலே இரண்டும். லண்டன் வழக்கப்படி வாரம் 8 காட்சி, 11 வாரம் என்றால் 88 காட்சி, 2,816 முட்டை. நாமக்கல் கோழிப் பண்ணைகளில் நாளொன்றுக்கு 4 கோடி என்று குறைத்தே வைத்தாலும் வினாடிக்குச் சுமார் 463 முட்டை. அந்த நாடகம் முழுவதற்கும் நம் ஊரின் ஆறு வினாடி போதும்.

அப்படியானால் இங்கே ஏன் ஆடக்கூடாது? ஒரு காட்சிக்கு என் கைக்கணக்கு: மைதா 1.8 கிலோ, கிலோ 50 ரூபாய் என்றால் 90. சர்க்கரை 1.8 கிலோ, 45 வீதம் 81. முட்டை 32, ஆறு ரூபாய் வீதம் 192. வெண்ணெய் 1.8 கிலோ, 600 வீதம் 1,080. ஆக 1,443 ரூபாய். அதில் முக்கால் பங்கை வெண்ணெயே தின்றுவிடுகிறது. 500 பேர் உட்காரும் மண்டபத்தில் ஆளுக்கு மூன்று ரூபாய்கூட வராது. வெந்தபின் ஆறேகால் கிலோ கேக் கிடைத்தால், வந்தவர்கள் எல்லோருக்கும் 12 கிராமுக்குக் குறையாமல் ஒரு துண்டு உண்டு.

ஓவன் வேண்டாம், குக்கர் போதும். எங்கள் வீட்டில் அடியில் கல் உப்பை ஒரு விரற்கடை பரப்பி, ஸ்டாண்டு வைத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு 10 நிமிடம் சூடேற்றுவோம். பிறகு மாவுப் பாத்திரத்தை இறக்கிச் சிறு தீயில் 45 நிமிடம். முப்பதாவது நிமிடம் போல் மூடித் துளை வழியாக வெண்ணெய் வாசம் கிளம்பும். ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். நாலரை நிமிடப் பாட்டு பத்து பாடினால் அதே 45 நிமிடம். கேக் வேகும் நேரமும் பாட்டு நேரமும் ஒன்றாகவே போகட்டும். எட்டு குக்கரின் வாசம் கடைசி வரிசையை எட்டும்போது கைதட்டல் தானாக வரும்.

சிரிக்க வைக்கவும் ஆள் தேட வேண்டாம். கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் என்று நாலு பேர் இருந்தால் விடிய விடிய நடக்கிற கலை அது. சமையல் போட்டியும் கோமாளியும் சேர்ந்தால் தமிழ் வீடு ரசிக்கும் என்பதை 2019 முதல் தொலைக்காட்சியில் ‘குக் வித் கோமாளி’ காட்டிவிட்டது. அங்கே ரசிகருக்கு வாசமும் இல்லை, துண்டும் இல்லை.

பெரிய செலவு ஆட்களுக்கும் மேடைக்கும்தான். பாடுகிறவர், வாசிக்கிறவர், எழுதுகிறவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். சிக்கனம் தேவையென்றால் வெண்ணெயில் பாதிக்கு எண்ணெய் ஊற்றலாம்.

நாள் மட்டும் பார்த்துக் குறிக்க வேண்டும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகும். சேலத்துச் சித்திரை வெயில் 38ஐச் சாதாரணமாகத் தொடும். மேடை விளக்கும் சேர்ந்தால் கிரீம் பூ நிற்காது. மார்கழி, தை இரவுகள்தான் சரி.

சேலம், நாமக்கல் பக்கத்து நாடகக் குழுவினரே, வரும் தையில் யாராவது எடுங்கள். முதல் காட்சிக்கு வேண்டிய 32 முட்டை என் செலவு.