கம்பாசிட்டர் இல்லாத கையெழுத்து

பத்திரிகைக்குக் கதை, கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். திரும்பப் பெற விரும்பினால் தபால்தலை ஒட்டிய உறையை இணைக்க வேண்டும். இரண்டாவதன் காரணம் எல்லோருக்கும் புரியும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். முதலாவதன் காரணம் அச்சகத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கட்டுரை அச்சகத்துக்கு வந்ததும் அதைத் தாள் தாளாகப் பிரித்து இரண்டு மூன்று கம்பாசிட்டர்களிடம் பகிர்ந்துவிடுவார்கள். பின்பக்கத்திலும் எழுதியிருந்தால், ஒருவர் கோத்து முடிக்கும்வரை அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்தக் கம்பாசிட்டர்தான் கையெழுத்தின் உண்மையான வாசகர். ஆசிரியருக்குச் சலித்தால் பாதியில் கீழே வைத்துவிடலாம். கம்பாசிட்டர் அப்படி விட முடியாது. ஒவ்வோர் எழுத்தையும், ஒவ்வொரு புள்ளியையும் கண்ணால் எடுத்து, ஈய எழுத்தாகக் கேஸிலிருந்து பொறுக்கி, இடக்கையில் பிடித்த ஸ்டிக்கில் அடுக்க வேண்டும். நின்றபடியே செய்கிற வேலை. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து அச்சகங்களில் எந்த எழுத்தாளரின் கையெழுத்து யாருக்குப் பழக்கம் என்று ஃபோர்மேனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். புரூஃப் பார்க்கப் போனால் அவர்கள் நம்மிடம் கேட்கிற முதல் கேள்வி, “சார், இது லவா, வவா?” என்பதாகத்தான் இருக்கும். அடுத்த கட்டுரையை எழுதும்போது அந்த ‘ல’ தானாகவே கொஞ்சம் திருந்திவிடும். என் கையெழுத்தைப் பள்ளிக்கூடத்து நாலு கோடு நோட்டைவிட அச்சகம்தான் அதிகம் திருத்தியது.

இப்போது என் மேஜையில் ஓர் இ-இங்க் டேப்லெட் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி மகன் கொடுத்தது. “பெரியப்பா, இதுல யூடியூப் வராது, வாட்ஸ்அப் வராது. எழுதலாம், படிக்கலாம், அவ்வளவுதான்” என்றான். குறை சொல்கிற தொனியில்தான் சொன்னான். எனக்கு அதுவே பெரிய சிறப்பாகப் பட்டது.

எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. வெண்மையான தாளை எதிர்பார்த்தால் முதல் பார்வையில் ஏமாற்றம்தான். பக்கம் சாம்பல் பூத்திருக்கிறது. செய்தித்தாள் அலுவலகத்தில் உருளையில் மிஞ்சிய நியூஸ்பிரிண்டைத் துண்டுகளாக வெட்டி மேஜைக்கு மேஜை வைத்திருப்பார்கள். செய்தியை அதில்தான் எழுத வேண்டும். ஏறத்தாழ அதே நிறம். அந்த நியூஸ்பிரிண்டில் ஒரு பகுதி நம் ஊர்க் கரும்பு. 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் பக்கம் புகளூரில் சர்க்கரை ஆலைச் சக்கையிலிருந்து காகிதம் செய்தது. மை ஊறிப் பரவும், பேனா முனை இழையில் சிக்கும். ஆனாலும் தாள் தீர்ந்துபோகும் என்ற கவலை இல்லாமல் எழுதியது அதில்தான். வீட்டில் முழுநீளத் தாளை எண்ணி எண்ணி எடுத்த கை, அலுவலகத்தில் தாராளமாகக் கிறுக்கும். டேப்லெட்டில் அந்தத் தாராளம் திரும்பக் கிடைத்திருக்கிறது.

திரை தானாக ஒளி விடுவதில்லை. முன்பக்க விளக்கு வைத்த வகைகளும் உண்டு; என்னுடையதில் இல்லை. இரவில் எழுத வேண்டுமென்றால் தாளுக்குப் போட்டதைப் போலவே மேஜை விளக்கைப் போட வேண்டும். நண்பகல் வெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்தாலோ எழுத்து இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. செல்போன் திரை அந்த வெயிலில் கண்ணாடியாகிவிடும்.

இதன் உள்ளே நடப்பது எளிமையானது. தலைமுடியின் பருமனளவே உள்ள நுண்குமிழ்கள் திரை முழுவதும் பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிந்த எண்ணெய் போன்ற திரவம். அதில் நேர்மின்னேற்றம் கொண்ட வெள்ளைத் துகள்களும் எதிர்மின்னேற்றம் கொண்ட கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. எந்தத் துகளை மேலே இழுக்கிறோமோ அந்த நிறம் தெரிகிறது. இழுத்த பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் துகள் அங்கேயே நிற்கும். அதனால்தான் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் நெடுநாள் ஓடுகிறது. மின்சாரம் தேவைப்படுவது பக்கம் மாறும்போதுதான். பேனாவில் பேட்டரியே இல்லை. திரைக்கு அடியிலுள்ள கம்பி வலை காந்தப்புலத்தை எழுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் அதில் ஆற்றல் வாங்கித் தான் இருக்கும் இடத்தைத் திருப்பிச் சொல்கிறது. ஜப்பானின் வாக்காம் நிறுவனம் பரவலாக்கிய முறை இது. மை நிரப்ப வேண்டாம், சட்டைப்பையில் ஒழுகாது. தேர்வு அறையில் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் நாலு சொட்டு மை கடன் கேட்கும் வழக்கமெல்லாம் இதைக் கையில் பிடிக்கும் பிள்ளைகளுக்குப் புராணக் கதை.

இந்தத் திரை வந்த வழியும் நீண்டது. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் நிக் ஷெரிடன், ஒரு பாதி கறுப்பும் மறு பாதி வெள்ளையுமான நுண்மணிகளைப் புரட்டி எழுத்துக் காட்ட முயன்றார். எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் மாணவர்களும் குமிழ் முறையைக் கண்டு 1997இல் இ-இங்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2004இல் சோனி லிப்ரியே ஜப்பானில் வந்தது. அதில் படிக்கலாம், எழுத முடியாது. 2006இல் நெதர்லாந்தின் ஐரெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இலியட் கருவியில் பேனாவும் சேர்ந்தது. அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மறு ஆண்டு வந்த கிண்டில், உலகத்தைப் படிப்பதன் பக்கம் திருப்பிவிட்டது. எழுதுவதற்கென்றே ஒரு கருவி மீண்டும் பேசப்பட்டது 2017இல், நார்வேயின் ரீமார்க்கபிள் வந்தபோதுதான். 2020இல் வந்த அதன் இரண்டாவது கருவியின் கனம் 4.7 மில்லிமீட்டர். பேனா நகர்வதற்கும் கோடு தோன்றுவதற்கும் இடையிலான தாமதம் 21 மில்லி வினாடி என்று நிறுவனம் சொன்னது. 2022இல் அமேசானும் எழுதக்கூடிய கிண்டிலோடு வந்து சேர்ந்தது.

மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் பேனா வழுக்குவதில்லை. மெல்லிய உராய்வுச் சத்தம்கூடக் கேட்கிறது. அதற்கு விலை உண்டு. முனை தேய்கிறது, பெட்டியிலேயே மாற்று முனைகள் வைத்துத் தந்திருக்கிறார்கள். ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் எனக்கு இருக்கிறது. புள்ளி! வேகமாக எழுதும்போது மெய்யெழுத்தின் தலையில் இலேசாகத் தொட்டுவிட்டுப் போவது என் பழக்கம். தாளில் மை அந்தத் தொடுகையை ஏற்றுக்கொள்ளும். இந்தத் திரை சில நேரம் கண்டுகொள்வதில்லை. திரும்பப் படித்தால் ‘கல்’ என்று எழுதியது ‘கல’ என்று நிற்கிறது. ஓலைச்சுவடியிலும் புள்ளி இருக்காது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள், இடம் நோக்கிப் படித்துக்கொள்ள வேண்டியது படிப்பவர் பொறுப்பு. நானும் என் சொந்த எழுத்தைச் சுவடி படிப்பதுபோல் இடம் நோக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அழிப்பதுதான் பெரிய மாற்றம். பேனாவைத் திருப்பிப் பின்முனையால் தேய்த்தால் எழுத்து போய்விடும். பழையதன் நிழல் கொஞ்ச நேரம் மங்கலாக நிற்கும். திரை ஒருமுறை கறுத்து வெளுத்ததும் அதுவும் போய்விடும். தாளில் அடித்த சொல் கோட்டுக்கு அடியில் உயிரோடு கிடக்கும். அடித்தது தவறு, பழையதே நல்லது என்று தோன்றினால் அதன் கீழே புள்ளி வரிசை போட்டால் போதும், கம்பாசிட்டர் புரிந்துகொண்டு அதையே கோத்துவிடுவார். அழித்துவிட்டால் அந்த வாய்ப்பு இல்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பின்முனையைத் தொடுவதையே விட்டுவிட்டேன். பழையபடி குறுக்கே கோடுதான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் அடித்தல் திருத்தலா என்று தம்பி மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

இடையில் ஒரு நீண்ட காலம் நான் கையால் எழுதவே இல்லை. முரசு அஞ்சல் மென்பொருளில் தொடங்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் வந்த தமிழ் 99 விசைப்பலகைக்கு மாறி, எழுத்துருக் குழப்பங்களையெல்லாம் தாண்டி யூனிகோடுக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆபீசில் ஒரு எழுத்துரு, வீட்டில் வேறொன்று என்று கட்டம் கட்டமாக வந்த கட்டுரைகளின் கதையை இங்கே கிளறப் போவதில்லை. அந்த ஆண்டுகளில் கையெழுத்து காசோலைக்கும் மளிகைச் சீட்டுக்கும் என்று சுருங்கிவிட்டது. அதற்குள் கம்பாசிட்டர்கள் மறைந்துவிட்டார்கள். ஈய எழுத்துகள் எடைக்குப் போயின.

ஆகவே கையெழுத்து திரும்பிவிட்டது என்று இந்தக் கருவிகளைப் பற்றிப் பூரிப்போடு பேசுவதை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. கை திரும்பியிருக்கிறது. அதைப் படிக்க வேண்டிய இன்னொரு கண் திரும்பவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் நம் கையெழுத்தைப் பொறுமையாகப் படிக்கக் கடமைப்பட்ட இடம் இன்று தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்தான். மருந்துக்கடையை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். டேப்லெட்டில் எழுதுவதை நான் மட்டுமே படிக்கிறேன். அதன் விளைவு எழுத்திலேயே தெரிகிறது. தொடக்கத்தில் தெளிவாக இருந்த வரிகள் வரவர நீண்டு, கோணி, ‘ல’வும் ‘வ’வும் ஒன்றாகிக்கொண்டு வருகின்றன. கேட்க ஆளில்லை.

இயந்திரம் கேட்குமே என்பார்கள். கேட்கலாம். ஹெச்.பி. நிறுவனத்தின் பெங்களூர் ஆய்வகம் தமிழ்க் கையெழுத்தை 156 குறி வடிவங்களாகப் பிரித்து மாதிரிகளைத் திரட்டியது. இலியட் வந்த அதே 2006இல், அவற்றை வைத்துப் பன்னாட்டு ஆய்வாளர்களுக்குப் போட்டியே நடந்தது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வடிவம் தேவையில்லை. காலையும் கொம்பையும் தனியாக அறிந்துகொண்டால் மிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘கொ’ எழுதும் கை முதலில் கொம்பைப் போட்டு, பிறகு ‘க’வை எழுதி, கடைசியில் காலை இழுக்கும், ஒலிப்பதோ வேறு வரிசையில். பேனா எந்த நொடியில் எங்கே இருந்தது என்று பார்க்கும் இயந்திரத்துக்கு இதுவும் புரிந்தாக வேண்டும். ஆண்டிராய்டு செல்போனில் இன்று விரலால் தமிழ் எழுதினால் அச்செழுத்தாகிறது. என் டேப்லெட்டுக்குத் தமிழ் தெரியாது. என் வரிகளை ஆங்கிலமாக எடுத்துக்கொண்டு அது ஒருமுறை மாற்றிக் கொடுத்ததைப் பார்த்தால் ஏதோ மந்திரம் ஜபிப்பது போலிருந்தது.

தமிழ் கற்றுக்கொண்டு வந்தாலும் என்னிடம் அது திணறும் என்றே நினைக்கிறேன். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. விசைப்பலகையில் நானும் புது ‘லை’தான் தட்டினேன், வேறு வழியும் இல்லை. கையில் பேனா வந்ததும் பழைய துதிக்கை ‘லை’ தானாகவே வருகிறது. பாதி வரியில் புதியது, மீதியில் பழையது. அச்சகத்துக் கம்பாசிட்டர் என்றால் இதற்குத் தலையைக்கூட நிமிர்த்தியிருக்க மாட்டார். கையில் எப்படி வந்தாலும் கேஸில் எந்த அறைக்குக் கை போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

சென்ற மாதம் ஒரு கட்டுரையை டேப்லெட்டிலேயே முழுதாக எழுதி, பிடிஎஃப் ஆக்கிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். மறுநாள் உதவி ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். என் மகள் வயதிருக்கும்.

“சார், உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு. ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன்.”

“படிச்சீங்களாம்மா?”

“யூனிகோட்ல ஒரு ஃபைல் அனுப்பிடுங்க சார், படிச்சிட்டுச் சொல்றேன்.”

காலையில் எழுதுகிறேன், சாப்பிட்டுவிட்டு மதியம் கணினிமுன் உட்கார்ந்து தட்டுகிறேன். டேப்லெட்டை இடப்பக்கம் சாய்த்துவைத்து, வரிக்கு வரி பார்த்து. இரண்டு வரிக்கு ஒருமுறை, இது லவா, வவா என்று நின்றுவிட வேண்டியிருக்கிறது.