சக்கரத்தின் கொப்பூழ்

நடுவே அச்சு நுழைவதற்குத் துளையும், சுற்றிலும் ஆரக்கால்கள் பாய்வதற்குக் குழிகளும் உடையதாய், மரச்சக்கரத்தின் மையத்தில் அமர்ந்திருக்கும் பருத்த கட்டையை நம் தச்சர்கள் குடம் என்பார்கள். ஆங்கில நாட்டுத் தச்சர்கள் அதற்கு வழங்கிய பழம்பெயர் நேவ் என்பது. கொப்பூழைக் குறிக்கும் நேவல் என்ற சொல்லும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் இவை நாஃபு, நாஃபெலா. ஜெர்மன் மொழியிலோ இன்றும் சக்கரத்தின் குடம் நாபெ, மனிதனின் கொப்பூழ் நாபெல். வடமொழிப் பயிற்சி சிறிதேனும் உடையவர்கள் இதற்குள் நாபி என்னும் சொல்லை நினைவுகூர்ந்திருப்பார்கள். அந்த ஒரே சொல், உருவம் மாறாமலே, உந்தியையும் தேர்ச்சக்கரத்தின் குடத்தையும் சேர்த்து உணர்த்துகிறது. நாடிகள் இதயத்தில் ஒன்றுகூடுவதை, தேரின் நாபியில் ஆரங்கள் கூடுவதோடு முண்டகோபநிஷத்து ஒப்பிடுகிறது. தன் சரீரத்தின் நடுவிடத்தைக் கண்டு சக்கரத்தின் நடுவிடத்துக்குப் பெயரிட்ட அந்த ஆதித் தச்சனின் கற்பனை, கங்கைக் கரையிலும் தேம்ஸ் கரையிலும் ஒருங்கே வாழ்ந்து வந்திருப்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

ஷேக்ஸ்பியரின் காலத்தில் இவ்விரு பொருளும் முற்றப் பிரிந்துவிடவில்லை. ஹாம்லெட் நாடகத்தில், விதித்தேவதையின் சக்கரத்தை முறித்து அதன் நேவை வானத்துச் சரிவில் உருட்டிவிடும்படி ஒரு நடிகன் தேவர்களை வேண்டுகிறான். மாக்பெத் நாடகத்திலோ, பகைவன் நேவிலிருந்து தாடைவரை பிளக்கப்பட்டான் என்று போர்ச்செய்தி சொல்லும் இடத்தில் அச்சொல்லுக்குக் கொப்பூழ் என்றே உரைகாரர்கள் பொருள் கொள்கிறார்கள். தேவாலயத்தின் நடுக்கூடத்துக்கும் நேவ் என்று பெயர் உண்டெனினும் அது வேறு குலம். கப்பலைக் குறிக்கும் லத்தீன் நாவிஸ் வழி வந்தது, வடமொழி நௌ என்பதற்கு உறவு.

தச்சன் நேவுக்கு எல்ம் மரத்தையே தேர்ந்தான். ஓக் மரத்து ஆரக்கால்களைச் சம்மட்டியால் அறைந்து இறக்குகையில் பிளவாமல் தாங்குவதற்கு, இழைகள் பின்னிக்கிடக்கும் அம்மரமே உகந்தது. அதில் துளையிடும் துறப்பணத்துக்கு நாஃபோகார், அதாவது நேவின் ஈட்டி, என்று முன்னோர் பெயரிட்டிருந்தனர். ‘ஒரு’ என்னும் பொருளுடைய சிறு சொல்லை முன்னே சேர்த்து ‘அ நாகர்’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததில், இடையிலுள்ள ‘ந்’ எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்பது மறந்துபோய், அது ‘அன் ஆகர்’ என்று பிரிந்துகொண்டது. நேவ் என்பதை ஹப் என்னும் பின்வந்த சொல் பெரும்பாலும் அகற்றிவிட்ட இந்நாளிலும், தலையெழுத்தை இழந்த அந்த ஆகர் மட்டும் ஆங்கிலத் தச்சரின் கையை விட்டு நீங்கவில்லை.