தபால் ஓட்டு யாருக்கு உரியது?

வாக்காளர் தம் பெயர் பதிவாகியுள்ள ஊரின் சாவடிக்குத் தாமே நேரில் வந்து, விரலில் மையிட்டுக்கொண்டு, மறைவில் தனித்து நின்று தம் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதே நம் தேர்தல் சட்டத்தின் அடிப்படையான எண்ணம். அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் வாக்குச்சீட்டு எல்லோருக்குமே தபாலில் வீடு தேடி வருகிறது. இங்கோ, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளும் குறித்துச் சொல்லும் வகுப்பாருக்கு மட்டுமே அந்தப் பாத்தியதை உண்டு. சர்க்கார் தன் காரியத்துக்காக ஊர்விட்டு அனுப்பியவர்கள், சர்க்காரே நடமாடவிடாமல் தடுத்து வைத்தவர்கள், உடல் இடங்கொடாதவர்கள் என்ற மூன்று இனத்துள் அவர்களில் அநேகமாக எல்லோரும் அடங்கிவிடுவர். வயிற்றுப்பாட்டுக்காகத் தாமே ஊர்விட்டுப் போனவர் அவற்றுள் எதிலும் இல்லை.

முதல் இனத்தில் தலையாயவர்கள் முப்படையினர். தம் மாநிலத்துக்கு வெளியே பணிபுரியும் ஆயுதப் போலீசாரும், அயல்நாட்டுத் தூதரகங்களில் உத்தியோகம் பார்க்கும் மத்திய சர்க்கார் ஊழியரும் அவர்களோடு சேர்வர். உடன் வாழும் மனைவிக்கும் அவ்வுரிமை நெடுங்காலமாக உண்டு என்றாலும், பெண் அதிகாரியின் கணவருக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரையில் அது கிட்டவில்லை. பட்டாளத்தில் ஒரு பெண் அதிகாரி இருப்பாள் என்பது சட்டம் எழுதியவர்களின் கற்பனைக்கும் எட்டவில்லை போலும்.

இவர்களுக்கு உரிமையைக் கொடுத்த சட்டம் அவகாசத்தைக் கொடுக்கவில்லை என்பது நெடுநாளைய குறை. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் கழிந்த பின்னரே சீட்டில் யார் யார் பெயர் இடம்பெறும் என்பது நிச்சயமாகுமாதலால், அதன்பின் அச்சிட்டு, உறையிலிட்டு, பனிமலையில் காவல் நிற்கும் சிப்பாய்க்கு அனுப்பி, அவர் குறியிட்டுத் திருப்பியனுப்பும் சீட்டு வாக்கு எண்ணிக்கை தொடங்குமுன் தேர்தல் அலுவலர் கைக்கு வந்து சேர்வது அரிதாயிருந்தது. இதற்குப் பரிகாரமாக, 2003இல் படைவீரர் தம் சார்பில் ஊரிலுள்ள ஒருவரை வாக்களிக்க நியமித்துக்கொள்ளலாம் என்ற சலுகை வந்தது; 2016இல் வெற்றுச் சீட்டை மின்னணு வழியில் அனுப்பும் முறை, புதுவையின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்டது. இன்றும் சீட்டு மின்வேகத்தில் போகிறது. திரும்பி வருவது தபால்காரர் பையில்தான்.

தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர், போலீசார் முதலியோர் 2023ஆம் ஆண்டு விதித் திருத்தத்துக்குப் பின் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக இயலாது. அதற்கென ஏற்படுத்திய மையத்திலேயே வாக்களித்துவிட வேண்டும்.

முதியோர் விஷயத்தில் சட்டம் சிறிது தடுமாறியிருக்கிறது. 2019இல் எண்பது வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வழி திறந்தது. கொள்ளைநோய்க் காலமான 2020இல் வயது அறுபத்தைந்தாகக் குறைக்கப்பட்டும் அந்தக் குறைப்பு நடைமுறைக்கு வரவில்லை. 2024 மார்ச்சில் அது எண்பத்தைந்தாக உயர்ந்தது. நாற்பது சதவிகிதம் ஊனமுடையவர்களும் இச்சலுகையைப் பெறலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் 12டி என்னும் படிவத்தைக் கொடுத்தால், அலுவலர் குழுவே வீட்டுக்கு வந்து, ரகசியம் குலையாதபடி வாக்கைப் பெற்றுச் செல்லும்; பெயருக்குத்தான் இது தபால் ஓட்டு. ஒரு முறை இதைத் தேர்ந்துகொண்டவர், பின்னர் மனம் மாறிச் சாவடிக்குப் போனால் அங்கே வாக்களிக்க முடியாது. சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளரென்று பெயர் பெற்ற, கின்னௌர் மாவட்டத்துக் கல்பா கிராமத்து முன்னாள் ஆசிரியர் ஷ்யாம் சரண் நேகி, 2022 நவம்பரில் தம் கடைசி வாக்கை இவ்விதமாகவே வீட்டிலிருந்து அளித்து, சில நாட்களில் காலமானார்.

விலக்கப்பட்டோர் கதை இதைவிட விசித்திரமானது. குற்றம் செய்யக்கூடுமென்ற ஐயத்தின்பேரில் தடுப்புக் காவலில் இருப்பவர் தபாலில் வாக்களிக்கலாம். விசாரணைக் கைதியாகச் சிறையிலிருப்பவரோ, குற்றம் இன்னும் நிரூபணமாகாதபோதும், வாக்களிக்கவே இயலாது. அயல்நாட்டில் வாழும் இந்தியப் பிரஜைகள் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் பட்டியலில் இடம் பெற்றார்கள்; ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். துபாயில் கட்டட வேலை செய்யும் ராமநாதபுரத்துக்காரர் ஓர் ஓட்டுக்காக விமானச் சீட்டு வாங்குவார் என்று எதிர்பார்ப்பது என் அபிப்பிராயத்தில் உரிமையைக் காட்டி மறைப்பதற்கே சமானம். இவர்களும் பிரதிநிதி மூலம் வாக்களிக்க இடந்தந்த மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியும், மேல்சபையைத் தாண்டுமுன் காலாவதியாயிற்று. திருப்பூரில் உழைக்கும் பீகார்த் தொழிலாளிக்கோ அந்த அளவு முயற்சியும் சட்டத்தில் நடைபெறவில்லை.

உரிமையுள்ளவரின் சீட்டும் எண்ணப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உறுதிமொழிப் படிவத்தில் உரிய அதிகாரியின் சான்றொப்பம் இல்லையென்றால் சீட்டு தள்ளுபடியாகும். 2016ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் 49 வாக்கு வித்தியாசத்தில் இன்பதுரை வென்றபோது, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றளித்தது செல்லாதென்று 203 தபால் வாக்குகள் ஒதுக்கப்பட்டிருந்தன. தோற்ற அப்பாவு தொடுத்த வழக்கில் 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டும், முடிவை வெளியிடலாகாதென உச்ச நீதிமன்றம் தடை விதித்ததனால், 2021இல் அச்சட்டசபையின் ஆயுள் முடியும் வரையில் எண்ணிக்கையின் முடிவு வெளிவரவேயில்லை.