நிரலின் முதல் வரி

நுழையும்முன்

கணினி எழுத்துகளை அறியாது, எண்களையே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்னும் உடன்பாடு மாறினால் எழுத்து மாறும், பொருளும் சிதையும். ஒரு நிரல் எந்த உடன்பாட்டின்படி எழுதப்பட்டது என்பதைக் கணினிக்கு அறிவிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எண்ணும் எழுத்தும்

எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறையைக் குறியாக்கம் என்பர். 1963இல் வெளியான ஆஸ்கி முறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் முதலியவற்றால் அவை நிறைந்தன. எனவே, பிற மொழியினர் 128 முதல் 255 வரையிலான எண்களைத் தத்தம் எழுத்துகளுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். தமிழிலும் திஸ்கி, டாம், டாப் முதலிய குறியாக்கங்கள் தோன்றின. ஒரு முறையில் எழுதிய கோப்பை மற்றொரு முறையில் திறந்தால், தமிழ் தமிழாகத் தோன்றாமல் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது.

இக்குழப்பத்தைத் தீர்க்க வந்தது ஒருங்குறி. அதன் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான இடங்கள் உள்ளன. அகரத்தின் எண் 2949 ஆகும். ஒரு பைட்டில் 255 வரையே அடங்கும். ஆதலால் பெரிய எண்களைப் பல பைட்டுகளாகப் பிரித்தெழுதும் முறை தேவைப்பட்டது. 1992இல் கென் தாம்சன், ராப் பைக் ஆகியோர் வகுத்த யுடிஎஃப்-8 அத்தகையது. இம்முறையில் அகரம் 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது.

அறிவிப்பு வரி

மூல நிரல் கோப்பும் பைட்டுகளின் தொகுப்பே. அதனைப் படிக்கும் வரிமொழிமாற்றி, அப்பைட்டுகளை எம்முறையில் எழுத்தாக்குவது என அறிந்தாக வேண்டும். இதற்காகப் பைத்தான் மொழி, 2003இல் வெளியான 2.3ஆம் பதிப்பில் ஒரு வழியை ஏற்படுத்தியது. கோப்பின் முதல் வரியிலோ இரண்டாம் வரியிலோ குறிப்புரையாக 'கோடிங்' என்னும் ஆங்கிலச் சொல்லையும், அதனையடுத்து முக்காற்புள்ளி அல்லது சமக்குறியையும், பின்னர்க் குறியாக்கத்தின் பெயரையும் எழுத வேண்டும்.

குறியாக்கத்தை அறியும் முன்னரே இவ்வரியை எவ்வாறு படிக்க இயலும் என்னும் வினா எழலாம். இவ்வாறு அறிவிக்கப்படும் குறியாக்கங்கள் முதல் 128 இடங்களை ஆஸ்கியோடு பொதுவாகக் கொண்டவை. அறிவிப்பு வரி அப்பொது எழுத்துகளாலேயே அமைவதால் தடையின்றிப் படிக்கப்படுகிறது.

2008இல் வெளியான பைத்தான் 3, அறிவிப்பு இல்லாத கோப்பை யுடிஎஃப்-8 எனவே கொள்கிறது. மாறிகளுக்குத் தமிழில் பெயரிடவும் அது இடமளிக்கிறது.

முன்நிற்கும் மூன்று பைட்டுகள்

அறிவிப்பு வரியன்றி, வேறோர் அடையாளமும் உண்டு. சில எழுதுகருவிகள் கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைட்டுகளைச் சேர்க்கின்றன. இது பைட்டு வரிசைக் குறி எனப்படும். திரையில் இது தோன்றுவதில்லை. எனினும் கோப்பில் இருக்கும்.

யூனிக்சு வகை இயக்க முறைமைகள், கோப்பின் முதல் இரு பைட்டுகள் 35, 33 ஆக இருந்தால், அவ்வரி சுட்டும் மொழிமாற்றியிடம் நிரலை ஒப்படைக்கும். அவற்றின் முன் வரிசைக் குறி நின்றால் அவ்வடையாளம் மறைந்துவிடும். நிரல் எதிர்பார்த்தவாறு இயங்காது. வரிசைக் குறி ஒன்றையும் அறிவிப்பு வரி வேறொன்றையும் கூறினால், பைத்தான் பிழையறிவித்து நின்றுவிடும்.

பிழையறிவிப்பு இல்லாத பிழை

நின்றுவிடும் நிரலைத் திருத்திக்கொள்ளலாம். பிழையோடு ஓடும் நிரலே பெருந்தீங்கு விளைவிக்கும். யுடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பின் தலையில் 'இலத்தீன்-1' என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். அம்முறையில் ஒவ்வொரு பைட்டும் ஓர் எழுத்து. எனவே, மேற்கோளுக்குள் உள்ள அகரம் மூன்று வேற்றுக் குறிகளாகிவிடும். 'தமிழ்' என்னும் சொல்லில் ஒருங்குறிக் கணக்கின்படி ஐந்து குறிகள் உள்ளன. இந்நிரலோ பதினைந்து என்று எண்ணும். பிழைச் செய்தி எதுவும் வாராது. சிதைந்த பெயர்கள் தரவுத்தளத்தில் பதிந்து, அங்கிருந்து பிற கோப்புகளுக்கும் பரவும்.

அறிவிப்பை மாற்றுவதால் கோப்பிலுள்ள பைட்டுகள் மாறா என்பது இங்கு உணரத்தக்கது. பெட்டியின் மேலுள்ள சீட்டை மாற்றினால் உள்ளிருக்கும் பொருள் மாறுவதில்லை அன்றோ? ஆகவே கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தல், அறிவிப்பு எழுதின் அதற்கிணங்க எழுதுதல், பழைய கோப்புகளை உரிய கருவியால் மாற்றியபின் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் நிரலர் கடமைகளாகும். எழுதியவர் கருதிய எழுத்தே படிப்பவர்க்கும் கிடைக்க இவை வழிசெய்யும்.

தெரிந்து தெளிவோம்

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டினைத் தொடர்ந்து டாம், டாப் குறியாக்கங்களைத் தமிழக அரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறியைத் தர முறையாக அறிவித்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெயரை யுடிஎஃப்-8 முறையில் சேமித்து, அக்கோப்பின் அளவு எத்தனை பைட்டுகள் எனக் கண்டறிக.
2. 'பிழையோடு ஓடும் நிரலினும் பிழையால் நிற்கும் நிரல் நன்று' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.